ஒரு பலேக்கு ஒரு கிலோ

லண்டனுக்குப் புறப்படும் முன் என் மனைவி சாரதா இரண்டே இரண்டு கட்டளைகள் போட்டாள். ஒன்று, போகிற இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது, யார் என்ன கேட்டாலும் "ஆமா" என்று மட்டும் சொல்ல வேண்டும். இரண்டு, பையன் வீட்டார் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டு "சம்பந்தி" என்று கூப்பிட்டுவிடக் கூடாது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து அவள் கட்டிலில் கிடந்தாள். இல்லாவிட்டால் என்னைத் தனியாகத் தெருமுனை தாண்டி அனுப்பியிருக்க மாட்டாள், கடல் தாண்டியா அனுப்பியிருப்பாள்.

விஷயம் இதுதான். எங்கள் ஒரே மகள் நித்யா லண்டனில் எட்மண்டன் பக்கம் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் கஜன் என்கிற யாழ்ப்பாணத்துப் பையனுக்கும் மனம் ஒத்துப்போய்விட்டது. எங்களுக்குச் சம்மதம். கஜனின் அப்பாவுக்கும் சம்மதம். கஜனின் அம்மா மட்டும் இரண்டு வருடமாக ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு சம்மதம் வாங்கி வருவதற்காகத்தான் இந்தப் பயணம். நித்யா போனில், "அப்பா, நீங்க சொதப்பினீங்கன்னா நான் அவ்வளவுதான்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் மறுநாளும் போன் செய்து அதையே சொன்னாள்.

நான் கும்பகோணத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். முப்பது வருடமாக எனக்கு ஒரு பழக்கம். கடையில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையின் கடைசி வரியை யாராவது சரியாகப் படித்துவிட்டால் என் வாய் தானாக "பலே" என்று சொல்லிவிடும். நல்ல காபிக்கும் சொல்லும், நல்ல நாதஸ்வரத்துக்கும் சொல்லும். சாரதா இதைப் பற்றி மட்டும் கட்டளை போட மறந்துவிட்டாள்.

புதன்கிழமை விமானம் லண்டனில் இறங்கியது. நானும் இறங்கினேன். என் பெட்டி இறங்கவில்லை. சாரதா கட்டிலில் கிடந்தபடியே ஆள் வைத்துச் செய்த அதிரசமும் மைசூர்பாகும் சீர் முறுக்கும் அதற்குள்தான் இருந்தன. விமான நிலையத்தில் புகார் எழுதிக்கொண்ட இளைஞர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார். சீர் முறுக்கை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? இரண்டு கையாலும் வட்டம் போட்டுக் காட்டினேன். "கார் ஸ்டியரிங்கா?" என்றார். "இல்லை, தின்பது" என்றேன். "தின்பண்டம், பெரியது" என்று எழுதிக்கொண்டார்.

பெட்டி ஆம்ஸ்டர்டாமில் இருப்பதாகவும் சில நாட்களில் வந்துவிடும் என்றும் சொன்னார்கள். நான் வாழ்நாளில் போகாத ஊரை என் முறுக்கு சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. பையன் வீட்டுக்குப் போகவேண்டியதோ சனிக்கிழமை. "விடுங்கப்பா, தமிழ்க் கடையில லட்டு வாங்கிக்கலாம்" என்றாள் நித்யா. நான் ஒப்புக்கொள்ளவில்லை. இருபத்தைந்து வருடமாக லண்டனில் இருக்கிற அம்மாளுக்கு அவர் வாராவாரம் வாங்குகிற கடையின் லட்டையே வாங்கிக்கொண்டு போய் நீட்டுவதா? அதற்கு வெறுங்கையோடு போகலாம்.

வியாழக்கிழமை நித்யா ஆபீசுக்குப் போய்விட்டாள். சும்மா இருப்பானேன் என்று கடைத்தெருவைப் பார்க்கக் கிளம்பினேன். நித்யா சொன்ன பஸ் நம்பர் சரியாகத்தான் வந்தது. மாடியில் முன்வரிசை இடமும் கிடைத்தது. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் முன்சீட்டு கிடைப்பதற்குப் போன பிறவியில் புண்ணியம் செய்திருக்க வேண்டும். இங்கே சும்மாவே கிடைக்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் ஒரு பெண்குரல் பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வந்தது. அந்தப் பெயர்களில் ஒன்றாவது நித்யா எழுதிக் கொடுத்த பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வேடிக்கை அப்படி.

கடைசியில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் கீழேயிருந்து குரல் கொடுத்தார். "ஐயா, இதற்கு மேல் சாலை இருக்கிறது, ஆனால் பஸ் இல்லை." நான் எதிர்த் திசையில் போகிற பஸ்ஸில் ஏறியிருந்தேன். திரும்பி வரும்போது கெட்டிக்காரத்தனமாக நான்கு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி, தூறலில் நடக்க ஆரம்பித்தேன். இங்கே தூறலுக்கு யாரும் ஓடுவதில்லை. எங்கள் ஊரில் நாலு துளி விழுந்தால் தெருவே காலியாகிவிடும். இங்கே எல்லோரும் மழையைத் தெரிந்தவர் போலக் கண்டுகொள்ளாமல் நடக்கிறார்கள். கண்ணாடி போட்டவர்கள் பாடுதான் பாவம், ஒருவருக்கும் எதிரே இருப்பது தெரிந்திருக்காது.

அப்படி நடக்கும்போதுதான் அந்த வாசனை வந்தது. ஏலக்காய், பன்னீர், நெய் காய்கிற மாதிரி ஒன்று. கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் போய் நின்றது போல இருந்தது. வாசனையைப் பிடித்துக்கொண்டு போனால் மகள் வீட்டுக்கு இரண்டே தெரு தள்ளி ஒரு சின்ன ஈரானியர் பேக்கரி. நான் போய்ச் சேர்ந்த நேரம் கதவில் 'மூடிவிட்டது' என்ற பலகையைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி வழியாகத் தட்டுகளை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். அன்று இரவு நித்யாவிடம், "பலகாரப் பிரச்சினை தீர்ந்தது" என்றேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத் தன் கார்டைக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் ஆளாகப் போனேன். கதவு திறக்கவில்லை. இழுத்தேன், வரவில்லை. ஒரு காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து இழுத்தேன், அப்போதும் வரவில்லை. பிறகுதான் அது தள்ளவேண்டிய கதவு என்று தெரிந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தபோது, கல்லாவில் நின்றிருந்த அம்மாள் என்னை நேராகப் பார்த்து, "பலே" என்றார்.

எனக்கு ஒரே ஆச்சரியம். காதில் போனை வைத்துக்கொண்டிருந்தார் என்பது உண்மைதான். ஆனாலும் பார்த்தது என்னை. "பலே, பலே" என்று இன்னும் இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனை வைத்தார். கதவைத் திறந்ததற்கே இவ்வளவு பாராட்டா என்று கூச்சமாகப் போய்விட்டது. அறுபது வயதிருக்கும். பச்சைநிற ஃபிரேம், கழுத்தில் கண்ணாடிச் சங்கிலி, வெகு நேர்த்தியான பொருத்தம். கண்ணாடியைச் சரியாகப் போட்டிருக்கிறவர்களை நான் உடனே நம்பிவிடுவேன்.

தட்டுகளுக்கு முன்னால் சின்னச் சின்ன அட்டைகள். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்தேன். "நான் நொகோட்சி." அடுத்த தட்டில் "நான் பெரெஞ்சி." அதற்கடுத்து "நான் ஹாமெயி." என்ன மரியாதையான பலகாரங்கள், ஒவ்வொன்றும் தானே முன்வந்து அறிமுகம் செய்துகொள்கிறது. ரொட்டிக்கு அவர்கள் மொழியில் நான் என்று பெயர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பதிலுக்கு நானும் மெதுவாக, "நான் கும்பகோணம்" என்று சொல்லிவைத்தேன்.

அந்த அம்மாள் தன் பெயர் ஷிரின் என்றார். கண்ணாடித் தம்ளரில் பால் இல்லாத தேநீரும் ஒரு சர்க்கரைக் கட்டியும் வைத்தார். கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு தேநீரை அதன் வழியாகக் குடிக்க வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது, எங்கள் ஊரில் டபராவில் ஆற்றிக் குடிப்பதைப் பார்த்தால் அவர்களும் இப்படித்தான் சிரிப்பார்கள். பிறகு முதல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். கடலைமாவில் செய்தது, நாலு இதழ்ப் பூப்போல சுண்டுவிரல் நுனி அளவு, மேலே ஒரு பிஸ்தாத் துணுக்கு. வாயில் வைத்தேன். கடிக்கவே இல்லை, தானாக உதிர்ந்து போய்விட்டது. எங்கள் ஊர் மாலாடு இதைப் பார்த்தால் ஊரை விட்டுப் போய்விடும்.

"பலே" என்றேன்.

ஷிரின் அம்மாளின் முகம் மலர்ந்தது. ஒரு கிலோ பிடிக்கிற அட்டைப் பெட்டி ஒன்றை விரித்து அந்தப் பூக்களை அடுக்க ஆரம்பித்தார். போனில் யாரோ சொன்ன ஆர்டர் போலிருக்கிறது, என்னோடு பேசிக்கொண்டே அதையும் கவனிக்கிறார் என்று நினைத்தேன். அடுக்கிக்கொண்டே அவர் பாஷையில் நீளமாக ஏதோ கேட்டார். எனக்குச் சாரதாவின் கட்டளை நினைவுக்கு வந்தது. "ஆமா" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. புருவத்தைத் தூக்கி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏதோ சொல்லப்போகிறேன், அதற்காகக் காத்திருக்கிறார் என்பது போல. நான் சிரித்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு அரிசிமாவில் செய்த, மேலே கசகசா தூவிய இன்னொரு வகையை எடுத்து நீட்டினார். அதுவும் பிரமாதம். "பலே." இன்னொரு பெட்டி விரிந்தது. மறுபடி ஏதோ கேட்டார். "ஆமா." மறுபடி கை நின்றது, மறுபடி புருவம் ஏறியது. அடுத்துப் பாகில் ஊறிய ஜிலேபி வந்தது. அதற்கு அவர்கள் சொல்லும் பெயர்கூட ஏறத்தாழ ஜிலேபி மாதிரிதான் கேட்டது. நம் ஊர்ச் சொந்தக்காரரை வெளியூரில் பார்த்த சந்தோஷத்தில், "பலே, பலே" என்று இரண்டு முறை சொன்னேன். இரண்டு பெட்டி விரிந்தது.

இதற்குள் கடையில் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஆங்கிலத்தில் சொன்னது காதில் விழுந்தது. "இவர் கேட்கிற தோரணையைப் பார், எதிலும் திருப்தி வராது போலிருக்கிறது." யாரைச் சொல்கிறார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

ஷிரின் அம்மாள் ஆங்கிலத்துக்கு மாறினார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். பிள்ளையைப் பற்றிக் கேட்டால் எந்தத் தகப்பன்தான் சும்மா இருப்பான்? பெண் பெயர் நித்யா, பையன் பெயர் கஜன் என்றேன். நாளைக்குப் பையன் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். பேசிக்கொண்டே அவர் ஒரு கிரீம் உருண்டையை என் கையில் கொடுத்தார். "நான் ஹாமெயி" என்று அறிமுகம் செய்துகொண்டதே, அதுதான். முழுசாக வாயில் போட்டேன். உள்ளேயிருந்த கிரீம் மூக்குவரை வந்தது. அந்த நேரம் பார்த்து அவர் பெரிய கேக் ஒன்றைக் காட்டி, "கல்யாணம்தானே?" என்று கேட்டிருக்கிறார். கிரீமின் ருசியில் எனக்குக் கேள்வி காதில் ஏறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வாய் நிறைய வைத்துக்கொண்டு, ஆத்மார்த்தமாக, "பலே" என்றேன்.

உடனே அந்த அம்மாள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார். சாட்சாத் நம்ம ஊர் அம்மன் கோயில் குலவை. உள்ளே அடுப்படியில் இருந்த அவர் கணவர் மாவுக் கையோடு எட்டிப் பார்த்தார். வரிசையில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். என்னைத் திருப்திப்படாதவன் என்று சொன்ன அந்தப் பெரியவர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "மொபாரக்" என்றார். கடையில் யாருக்கோ நல்லது நடந்திருக்கிறது என்று புரிந்தது. யாராயிருந்தால் என்ன, நானும் எல்லோருக்கும் கை கொடுத்து, "மொபாரக், மொபாரக்" என்றேன்.

அரைமணி நேரம் கழித்து கிரீம் உருண்டைக்கும் ஒன்று சேர்த்து ரிப்பன் கட்டிய ஐந்து பெட்டிகளும் மூடிய பெரிய பெட்டி ஒன்றும் என் முன்னால் வந்து நின்றன. எல்லாம் எனக்காம். பின்னால் ஆட்கள் வாழ்த்துகிற முகத்தோடு நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா? கார்டை மெஷினில் தொட்டேன், பீப் என்றது. பெரிய பெட்டியில் என்ன என்று கேட்டேன். "அது இனாம். அங்கே போய்த்தான் திறக்க வேண்டும்" என்று கண்ணைச் சிமிட்டினார். வீட்டுக்கு வந்த நித்யா ஆறு பெட்டிகளையும் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, அவங்க வீட்ல மூணே பேர்தான்" என்றாள். பெரிய பெட்டியை அவள் திறக்கப் போனபோது நான் விடவில்லை. ஒரு பெரிய மனுஷி இனாமாகக் கொடுத்ததை அவர் சொன்னபடிதானே செய்ய வேண்டும்?

சனிக்கிழமை காலை, எட்மண்டனிலிருந்து நோர்பரிக்கு. லண்டனின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி. இரண்டு ரயில், நடுவில் ஒரு பஸ். ஜிலேபிப் பாகு ஒரு பெட்டியிலிருந்து கசிந்து என் வேட்டியில் இறங்கியது. எதிர்சீட்டுக்காரர் பத்திரிகையிலிருந்து இரண்டு தாளைக் கிழித்து ஒரு வார்த்தை பேசாமல் நீட்டினார், நானும் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டேன். இந்த ஊரில் நான் செய்த மிகச் சரளமான உரையாடல் அதுதான்.

ரயிலில் நித்யா எனக்குப் பாடம் எடுத்தாள். "அவங்க 'ஓம்'னு சொன்னா ஆமான்னு அர்த்தம்பா. சாமி பேர் இல்ல. ஆனா எல்லா ஓமும் ஆமா ஆயிடாது. 'கேட்டுக்கிட்டு இருக்கேன், சொல்லு'ன்னும் ஒரு ஓம் இருக்கு. நீங்க அவசரப்பட்டுடாதீங்க."

"எது எந்த ஓம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என்னைப் பாருங்க. நான் தலையாட்டினா அது வெறும் ஓம்."

நோர்பரியில் வாசலிலேயே கஜனின் அப்பா காத்திருந்தார். நல்ல உயரம், எப்போதும் சிரிப்பு, படிக்க மட்டும் கண்ணாடி. "வாங்கோ அண்ணை, வாங்கோ. பயணம் கரைச்சல் இல்லாமல் வந்து சேர்ந்தனீங்களோ?" என்றார். "ஆமா" என்றேன். உள்ளே அவர் மனைவி புவனேஸ்வரி அம்மாள் நின்றிருந்தார். மூக்கின் நுனியில் கண்ணாடி, அதற்கு மேலாக ஒரு பார்வை. முப்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர்கள் யாரையும் லேசில் நம்பமாட்டார்கள்.

"குளிர் ஒத்துக்கொள்ளுதோ அண்ணை?" என்று கேட்டார்.

"ஆமா."

"தேத்தண்ணி குடிக்கிறியளோ, கோப்பி குடிக்கிறியளோ?"

"ஆமா."

இரண்டும் வந்தன. இரண்டையும் குடித்தேன்.

"வீட்டிலை அக்காவுக்கு முழங்கால் இப்ப எப்பிடி?"

"ஆமா" என்றேன். நித்யா மேசைக்கடியில் என் காலை மிதித்துவிட்டு, "இப்ப பரவாயில்ல ஆன்ட்டி" என்றாள்.

புரட்டாசிச் சனி என்பதால் மரக்கறிச் சாப்பாடு. கத்தரிக்காயைத் தேங்காய்ப்பாலில் போட்டு ஒரு கறி வைத்திருந்தார்கள். கத்தரிக்காய்க்கு அப்படி ஒரு யோகம் இருக்கிறது என்பது கும்பகோணத்துக் கத்தரிக்காய்களுக்குத் தெரியாது. வாய் வரை வந்த பலேயைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினேன். கஜனின் அப்பா எங்களுக்காக வழக்காடிக்கொண்டிருந்தார். "நித்யா பிள்ளை அண்டைக்கு வைச்ச வத்தக்குழம்பு நல்லா இருந்ததெல்லே, புவனா?" "ஓம்" என்றார் அந்த அம்மாள். நான் நித்யாவைப் பார்த்தேன். இல்லை என்று தலையாட்டினாள். "கஜனுக்கும் வயசு போகுது." "ஓம் ஓம்." இரட்டை ஓம். ஆவலாகத் திரும்பினேன். அதற்கும் தலையாட்டினாள். கஜன் தட்டையே பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நல்ல பையன், பயந்த பையன்.

சாப்பாடு முடிந்து பெட்டிகளைத் திறந்தார்கள். கடைசியாகப் பெரிய பெட்டியை நித்யா திறந்தாள். மூடியைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு கேக். நடுவில் சர்க்கரையில் செய்த இரண்டு புறாக்கள், அலகோடு அலகு வைத்து. சுற்றிலும் ரோஜாப்பூ. கீழே இளஞ்சிவப்பு கிரீமில் வலமிருந்து இடமாக இரண்டு வரி எழுத்து.

கஜனின் அப்பா தன் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "அண்ணை, இது கலியாணக் கேக் எல்லோ" என்றார்.

"கலியாணக் கேக்கோ?" என்றார் புவனேஸ்வரி அம்மாள், கண்ணாடிக்கு மேலாக.

"ஓம். நான் இஞ்சை வந்த புதிசிலை எட்டு வருசம் ஒரு ஈரான்காரரின்ரை கிச்சினிலை வேலை செய்தனான். எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் இந்தக் கடைசிச் சொல்லு எல்லாக் கலியாணக் கேக்கிலையும் இருக்கும்."

அந்த அம்மாள் இன்னும் சம்மதமே சொல்லவில்லை, நான் புறாக்களோடு வந்து நிற்கிறேன். நித்யாவின் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்குச் சாரதாவின் கட்டளை பறந்துபோயிற்று. நடந்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கதவு, கடலைமாவுப் பூ, பலே, ஆமா, கை நின்றது, புருவம் ஏறியது, கிரீம் உருண்டை, குலவை, எல்லாம். பாதியிலேயே கஜனின் அப்பா சோபாவில் சாய்ந்துவிட்டார். சிரிப்பில் அவருக்குப் பேச்சு வரவில்லை.

"அண்ணை, அவையின்ரை பாசையிலை பலே எண்டால் ஓம்."

"ஐயோ. அப்ப ஆமா?"

"அம்மா எண்டு ஒரு சொல்லிருக்கு. 'ஆனால்' எண்டு அர்த்தம். நீங்கள் சொன்ன ஆமா அந்த மனிசிக்கு அப்பிடித்தான் கேட்டிருக்கும். ஓம், ஆனால்... ஓம், ஆனால்... எண்டு நிண்டிருக்கிறியள். என்ன குறை எண்டு தெரியாமல் அது பாவம் ஒவ்வொண்டாய் எடுத்து வைச்சிருக்கு."

கஜன் சிரித்தான். நித்யாகூட அழுகையோடு சிரித்தாள். புவனேஸ்வரி அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கடலைமாவுப் பூ இருந்த பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குள்ளை முட்டை இருக்கோ? எனக்கு இண்டைக்கு விரதம்" என்றார்.

முட்டை. அது எனக்குத் தோன்றவே இல்லை. புரட்டாசி மாதத்தில் கிரீம் உருண்டையை முழுசாக விழுங்கியவன் நான். சாரதாவுக்குத் தெரிந்தால் அடுத்த விமானத்தில் நான் வேறு ஊருக்குத்தான் போக வேண்டும்.

அந்த அம்மாள் பெட்டியை எட்ட வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார், பொடி எழுத்து தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் கண்ணாடி வழுக்கி மூக்கு நுனிக்கு வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பக்கத் திருகு கழன்றிருக்கிறது, மூக்குத் தாங்கி இரண்டும் அகன்றிருக்கின்றன. இது சந்தேகப் பார்வை இல்லை, லூசான ஃபிரேம்.

"கொடுங்கம்மா" என்று கையை நீட்டினேன். கடையில் நீட்டுகிற மாதிரியே நீட்டியிருப்பேன், அவர் மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்தார். என் சாவிக்கொத்தில் எப்போதும் ஒரு சின்னத் திருப்புளி தொங்கும். திருகை முறுக்கி, தாங்கியைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, ஊதித் துடைத்து, நானே போட்டுவிட்டேன். கண்ணாடி மூக்கில் போய் நின்றது, அசையவில்லை.

"இப்ப படிங்க. கடைசி வரி."

"சீனி," என்று தொடங்கினார். "கடலைமா. ஏலக்காய். பிஸ்தா." பிறகு எறும்பு ஊர்ந்தது போல அடியில் இருந்த வரியைத் தடுமாறாமல் வாசித்தார். "முட்டை சேர்க்கப்படவில்லை."

"பலே" என்றேன்.

என்னால் என்ன செய்ய முடியும், முப்பது வருடப் பழக்கம். முதலில் சிரித்தது புவனேஸ்வரி அம்மாள்தான். தோள் குலுங்கச் சிரித்தார். "மூண்டு மாசமாய் இது வழுக்கி வழுக்கி விழுகுது அண்ணை. கடையிலை அப்பொயின்ட்மென்ட் இல்லாமல் தொடமாட்டினமாம். எல்லாரையும் மேலாலை பார்த்துப் பார்த்துக் கழுத்துப் பிடிச்சுப்போச்சு" என்றார்.

சிரித்து முடித்ததும் முதல் முறையாகக் கண்ணாடி வழியாக என்னை நேராகப் பார்த்தார். "அண்ணை, ஒண்டு கேக்கிறன். நீங்கள் வந்ததிலை இருந்து ஆமா, ஆமா எண்டு பதில் மட்டும் சொல்லுறியள். நீங்கள் ஒண்டும் கேக்கிறியள் இல்லை. கேட்டால்தானே நான் ஓம் சொல்லலாம்?"

"நானா கேட்கணும்?"

"பின்னை? எங்கடை வழக்கத்திலை பொம்பிளை வீட்டார்தான் வந்து கேக்கிறது. ரெண்டு வருசமாய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறன், ஒருத்தரும் கேக்கேல்லை. எங்களிலை விருப்பமில்லையாக்கும் எண்டு நினைச்சன்."

எங்கள் பக்கம் பையன் வீட்டார்தான் பெண் கேட்டு வருவார்கள். முறை தவறக் கூடாது என்று கும்பகோணத்தில் நாங்களும் இரண்டு வருடமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நோர்பரியில் அவர்களும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நடுவில் இந்த இரண்டு பிள்ளைகளும் இரு வீட்டு மௌனத்தையும் பார்த்துப் பயந்துபோய் இருந்திருக்கிறார்கள். இதுவரை நான் செய்த கோமாளித்தனங்கள் எதற்கும் நான் வெட்கப்படவில்லை, இதற்குத்தான் வெட்கமாக இருந்தது.

எழுந்து நின்றேன். வேட்டியில் ஜிலேபிப் பாகு காய்ந்து ஒட்டியிருந்தது. "அம்மா, எங்க பொண்ணு நித்யாவை உங்க கஜனுக்குக் கட்டி வைக்கணும்னு நானும் என் சம்சாரமும் ஆசைப்படுறோம். உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு கடலைமாவுப் பூவை எடுத்து வாயில் போட்டார். அது உதிர்கிறவரை பொறுமையாக இருந்தார். பிறகு சொன்னார்.

"பலே."

பழக்கதோஷத்தில் நித்யாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தலையாட்டவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை, அடுத்து ஒரு ஆமா வந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

"இது... தமிழ்ப் பலேங்களா, அவங்க பலேங்களா?"

"கேக்கிலை முட்டை இருக்கும், எனக்கு விரதம், நான் நாளைக்குச் சாப்பிடுறன்" என்று கத்தியை எடுத்து என் கையில் கொடுத்தார் அவர். "நீங்கள் கேக்கை வெட்டுங்கோ, சம்பந்தி."

கஜனின் அப்பா எட்டு வருடம் அந்தச் சமையலறையில் கேட்டுக் கற்ற குலவையைப் போட்டுப் பார்த்தார். இருமல்தான் வந்தது. புறாக்களைச் சேதப்படுத்தாமல் கேக்கை வெட்டினேன்.

மாலையில் சாரதாவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள், மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எப்படி இருக்கிறாய் என்றுகூட என்னைக் கேட்கவிடவில்லை.

"அந்தம்மா சம்மதிச்சாங்களா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஆமா என்று வாயெடுத்தேன். அதற்கு இப்போது வேறு அர்த்தம் தெரிந்துவிட்டதே. பலே என்றால் அவளுக்குப் புரியாது. அதனால் சம்பந்தி வீட்டுச் சொல்லையே எடுத்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

"ஓம்."

"சாமி கும்பிடுறதெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்," என்றாள் சாரதா. "கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."